விதைப்பு நாளில் தீர்மானமாகும் களை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வயல் செய்பவர்கள் நிறைந்திருக்கும் இந்த அவையில் களைக்கு அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. கோழிச்சூடன், கோரை, பன்றி நெல் எல்லாம் உங்களுக்குப் பேரும் குணமும் தெரிந்தவை. நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் என்று நாம் அழைக்கும் களைநாசினியை அடிக்காமல், இயந்திரத்தின் துணைகொண்டு, இந்த மண்ணில் களையை அடக்க முடியுமா? முடியும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. களையெடுக்கும் இயந்திரத்தை வாங்குவதற்கு முன்னர் விதைக்கும் முறையை மாற்ற வேண்டும். வீசி விதைத்த வயலுக்குள் எந்தக் களைக்கருவியும் பயிரை மிதிக்காமல் நுழைய முடியாது. பயிர் வரிசையில் நின்றால்தான், வரிசைக்கு வெளியே முளைத்ததெல்லாம் களை என்று கொண்டு ஒரு சக்கரமோ கத்தியோ துணிந்து வேலை செய்யலாம். களைக்கு என்ன செய்வது என்று நாம் பெரும்பாலும் விதைத்து மூன்றாம் கிழமையில்தான் கேட்கத் தொடங்குகிறோம். அதற்குள் அந்தக் கேள்விக்கான விடை வயலில் எழுதப்பட்டுவிடுகிறது.

2021ஆம் ஆண்டில் நடந்ததை இந்தக் கோணத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளையோடு பூச்சிநாசினி, களைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியையும் சேர்த்தே நிறுத்தியது. நவம்பர் கடைசியில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்புக் காலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, அடுத்த பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. இந்த வீழ்ச்சியைப் பற்றி நாம் பேசியதும் எழுதியதும் பெரும்பாலும் யூரியாவைப் பற்றித்தான். சேதனப் பசளை போதுமான அளவு வந்ததா, தரமானதா, கப்பலில் வந்தது திருப்பி அனுப்பப்பட்டது ஏன் என்று நாட்கணக்கில் விவாதித்தோம். களை அந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது. பசளை குறைந்த பயிர் மெலிந்து, இலை பரப்பாமல் நிற்கும். அதன் காலடியில் வெளிச்சம் விழும். வெளிச்சம் விழுந்த இடத்தில் களை எழும். ஆகவே பசளையால் வந்த இழப்பையும் களையால் வந்த இழப்பையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. யூரியாவுக்குப் பதிலாக எதைப் போடுவது என்ற கேள்விக்குப் போதாததாயினும் ஒரு விடை கைவசம் இருந்தது. களைநாசினிக்குப் பதிலாக என்ன செய்வது என்று கேட்ட கமக்காரனுக்குக் கையால் பிடுங்கு என்பதைத் தவிர வேறு விடை தரப்படவில்லை.

அந்த விடையின்மை 2021இல் உண்டானது அல்ல. இலங்கையின் நெல் வயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று நேரடி விதைப்புத்தான். அதிலும் மிகப்பெரும்பாலானது கையால் வீசுவது. இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. நாற்று நடக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. மழை பார்த்து விதைக்கும் மானாவாரிக் காணியில் நாற்றுமேடை போட்டுக் காத்திருக்க முடியாது. 1958இல் வந்த எச்-4 போன்ற உயரமான நெல்லுக்குப் பின்னர் குட்டையான பி.ஜி. இனங்கள் வந்தன. அவை பசளைக்கு நன்றாக விளைந்தன, சாயவில்லை. ஆனால் களையை நிழலால் அமுக்கும் உயரம் அவற்றிடம் இல்லை. அந்தக் குறையை எம்.சி.பி.ஏ.யும் டி.பி.ஏ.யும் பின்னால் வந்த எண்ணெய்களும் நிரப்பின. வீசி விதைப்பதை மலிவாக்கியது களைநாசினி; களைநாசினியைத் தவிர்க்க முடியாததாக்கியது வீசி விதைப்பு. இரண்டும் சேர்ந்த ஒரே ஏற்பாடு இது. அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்றது அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்ததுதான் 2021இன் அடிப்படைப் பிழை. எண்ணெய் கிடைக்காவிட்டால் விதையைக் கூட்டிப் போடலாம், நெருங்கிய பயிர் களையை அமுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏக்கருக்கு இரண்டு புசல் போதும் என்று விவசாயத் திணைக்களம் சொல்லும் இடத்தில் மூன்று புசல் போடுவது அதனால்தான். கொஞ்சம் பயன் இருக்கிறது. விதைச் செலவு ஏறுகிறது. பயிர் நெருங்கி நோய்க்கு இடம் கொடுக்கிறது. களைக்குள் இறங்கிப் பிடுங்கக் கால் வைக்கவும் இடம் இல்லாமற் போகிறது.

எண்ணெயே போதும், எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பவர்களுக்கு விடை நம் வயல் வட்டைகளிலேயே இருக்கிறது. ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் அதற்கு மசியாத களை மிஞ்சும்; மிஞ்சியது விதை கொட்டும்; சில ஆண்டுகளில் வயல் முழுவதும் அதுவே நிற்கும். டி.பி.ஏ. என்று நாம் அழைத்த புரோப்பனிலுக்கு மசியாத கோழிச்சூடன் இலங்கையில் இருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பேயும் அவரோடு ஆய்வு செய்தவரும் 2002இல் பதிவு செய்தார்கள். பன்றி நெல்லின் கதை இன்னும் கடுமையானது. 1990களில் அம்பாறைப் பக்கத்தில் அடையாளம் காணப்பட்டு நாடெங்கும் பரவிய அது, நாம் விதைக்கும் நெல்லின் அதே இனம். நெல்லைக் கொல்லாமல் நெல்லைக் கொல்லும் மருந்து எங்கிருந்து வரும்? முதிரும் முன்பே மணி உதிர்ந்து மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் பயிரோடு பயிராக முளைக்கிறது. வீசி விதைத்த வயலில் இளம் பன்றி நெல்லை அனுபவம் வாய்ந்த கண்ணாலும் பிரித்தறிய முடிவதில்லை. கதிர் வந்த பின் தெரிகிறது, அப்போது காலம் கடந்துவிடுகிறது. வரிசையில் விதைத்த வயலில் கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரு வரிசைக்கு நடுவே நிற்கும் நெல் எதுவானாலும் நாம் விதைத்தது அல்ல. கண்ணால் இனம் பிரிக்க முடியாததை இடம் பிரித்துக் காட்டுகிறது. இரசாயனம் தோற்ற இடத்தில் வரிசைக்குள்ள மிகப் பெரிய சான்று இதுதான் என்று கருதுகிறேன்.

வரிசை முதலில், களைக்கருவி பின்னர் என்ற இந்த ஒழுங்கு என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. உலகில் இயந்திரக் களையெடுப்பு வென்ற இடங்களிலெல்லாம் அது இதே ஒழுங்கில்தான் வந்தது. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701 அளவில் வரிசையாக விதைக்கும் கருவியைச் செய்தார். குதிரை இழுக்கும் களைக்கொத்தைப் பற்றிய அவருடைய நூல் அதன் பின்னர், 1731இல் வந்தது. மண்ணைக் கிளறினால் வேர் மண்துகளைத் தின்று வளரும் என்று அவர் தந்த விளக்கம் தவறு. ஆனால் வரிசையில் விதைத்து நடுவே கொத்தும் செய்முறை சரியாக இருந்தது, அதனால் நிலைத்தது. யப்பானில் 1890களில் தொத்தோரிப் பகுதியைச் சேர்ந்த நக்காய் தாய்ச்சிரோ நெல் வயலில் தள்ளிக்கொண்டு போகும் சுழல் களைக்கருவியைப் பரப்பினார். அவர் ஊர் ஊராகப் போய்க் கருவியோடு நேர்வரிசை நடுகையையும் சேர்த்தே கற்பித்தார். வரிசை இல்லாமல் கருவி பயன்படாது என்பது அவருக்குத் தெரியும். சில மாகாணங்களில் வரிசையில் நடாதவர்களை வற்புறுத்தப் பொலிசாரைக்கூட இறக்கினார்கள். அந்த வற்புறுத்தலை நான் ஆதரிக்கவில்லை. நம் கமக்காரர்கள் கட்டளைகளால் பட்டது போதும். ஆனால் ஒரு தலைமுறைக்குள் அந்நாட்டின் நெல் வயல்கள் கோடு போட்டதுபோல் மாறியதற்கும், கையால் களை பிடுங்கும் வேலை குறைந்ததற்கும் தொடர்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. 1953இல் இந்தியா தொடங்கிய யப்பானிய முறை நெற்செய்கை இயக்கமும், இந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் பரவிய முறையும் இதே தடத்தில் வந்தவை.

சோயா அவரையைப் பற்றிய சான்று இன்னும் தெளிவானது. நெல்லுக்கு நீர் ஒரு துணை. தேங்கி நிற்கும் நீரே பல களைகளை முளைக்க விடாது. மேட்டுநிலத்தில் வளரும் சோயாவுக்கு அந்தத் துணை இல்லை. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இரசாயனம் இல்லாமல் சோயா செய்பவர்கள் களையைத்தான் முதல் எதிரியாகச் சொல்கிறார்கள். பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981 முதல் நடத்திவரும் நீண்டகால ஒப்பீட்டுப் பரிசோதனையிலும், அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1998இல் தொடங்கிய பரிசோதனையிலும் சோயா, சோளம், தானியப் பயிர்கள், தீவனப் பயிர்கள் என்ற சுழற்சியோடு இயந்திரக் களையெடுப்பும் சேர்ந்தே நடக்கிறது. அங்கே வேலை விதைப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிலத்தைப் பண்படுத்தி, களை முளைக்கவிட்டு, அதை மேலாகக் கீறி அழித்த பின்னரே விதை போடுகிறார்கள். விதைத்த சில நாட்களில், களை வெள்ளை நூல் போல மண்ணுக்குள் இருக்கும்போதே, இலேசான சுழல் பற்கள் கொண்ட கருவியை வயல் முழுவதும், பயிரின் மேலாகவும் ஓட்டுகிறார்கள். ஆழத்தில் ஊன்றிய சோயாவுக்கு ஒன்றும் ஆகாது. மேல்மண்ணில் முளைத்த களை வெயிலில் காய்ந்துவிடும். அதன் பிறகு பயிர் இலை பரப்பி இடைவெளியை மூடும்வரை இரண்டு மூன்று தடவை வரிசைக்கு நடுவே உழுகிறார்கள். களையைக் கண்ணால் நன்றாகப் பார்த்த பின்தான் வேலை என்றால் ஏற்கெனவே பிந்திவிட்டது என்பதே அவர்களுடைய நடைமுறையின் சாரம்.

பெரிய உழவு இயந்திரங்களும் விரிந்த நிலமும் உள்ள நாட்டின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால் மத்தியப் பிரதேசத்தின் மால்வா மேட்டுநிலத்தையும் பார்ப்போம். 1970களுக்குப் பின் சோயா பரவிய அந்தப் பகுதியில் சிறு கமக்காரர்கள் மாடு பூட்டிய விதைப்புக் கருவியால் வரிசையில் விதைத்து, டோரா அல்லது குல்பா என்று அவர்கள் அழைக்கும் மாடு இழுக்கும் தட்டைக் கத்தியால் வரிசைகளுக்கு நடுவே களை கொத்திவந்தார்கள். இயந்திரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வரிசை நேராக இருக்க வேண்டும். ஆனால் மால்வா இன்னொன்றையும் காட்டுகிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. அங்கே சோயா மழைக்காலப் பயிர். கரிசல் மண்ணில் நாட்கணக்கில் மழை பெய்தால் மாடும் இறங்காது, கத்தியும் போகாது. மழை விட்டு மண் காய்வதற்குள் களை பயிரை மிஞ்சிவிடும். அங்கேயும் களைநாசினி பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த மழைத் தடைதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடைக்காற்றோடு கொட்டிவிடுகிறது. சரியாக அந்த நாட்களில்தான் பெரும்போகப் பயிருக்குக் களை கட்ட வேண்டும். மேட்டுநிலத்தில் இந்த ஆட்சேபத்தை முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன்: டிசம்பர் அடைமழையில் சோயாவுக்கோ பயறுக்கோ இயந்திரக் களையெடுப்பை நம்பி விதைப்பது சூதாட்டம். நெல் வயலில் நிலைமை வேறு. சுழல் களைக்கருவிக்கு ஈரச் சேறும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீரும் வேண்டும். காய்ந்த மண்ணில்தான் அது திணறும். மழை நாளில் அது வேலை செய்யும். நீர் அதற்கும் மேலே ஏறி வெள்ளமாக நின்றால் கருவி போகாது, ஆனால் அந்த நீரே புல் முளைப்பதைத் தடுக்கும். ஆக, நம்முடைய மழைக்காலம் மேட்டுப் பயிரில் இயந்திரத்துக்குப் பகை, சேற்று வயலில் அவ்வளவு பகை அல்ல. மேட்டுநிலப் பருப்புப் பயிர்களை மழை தணிந்த பின்னரோ சிறுபோகத்திலோ வைத்துக்கொண்டால் மால்வாவின் சிக்கல் நமக்குப் பாதியாகக் குறையும். இயந்திரக் களையெடுப்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் பயிர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும், பிறகு கருவிகளின் விலைப்பட்டியலைப் பார்க்கலாம்.

அடுத்த ஆட்சேபம் உடல் உழைப்பு. இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிசை வைத்தால், ஒவ்வொரு வரிசையாகக் கருவி தள்ளுபவர் ஒரு ஏக்கருக்குள் 16 கிலோமீற்றர் நடக்க வேண்டும். சதுர நடுகையில் குறுக்காகவும் ஓட்டினால் 32 கிலோமீற்றர். அதுவும் சேற்றில், முன்னும் பின்னும் தள்ளி இழுத்துக்கொண்டு. இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். முதுகில் டாங்கியைச் சுமந்து ஒரே நாளில் சில ஏக்கர் அடித்துவிடும் ஒருவரிடம் போய் இந்தக் கருவியைக் கொடுத்து இதுவே நல்லது என்று சொன்னால் அவர் ஏற்க மாட்டார். ஏற்காததில் தவறும் இல்லை. திருந்திய நெல் சாகுபடியைக் கற்ற பலர் வரிசையை வைத்துக்கொண்டு கையால் தள்ளும் கருவியைக் கைவிட்டதன் காரணம் இந்தத் தூரம்தான். ஆனால் அதே கணக்கு வழியையும் காட்டுகிறது. சிறிய பெற்றோல் எஞ்சின் பூட்டி மூன்று வரிசையை ஒரே நேரத்தில் கொத்தும் கருவிக்கு அந்த 16 கிலோமீற்றர் ஐந்தரையாகக் குறைகிறது, தள்ளும் வேலையை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. சோயாவை 40 சென்ரிமீற்றர் வரிசையில் விதைத்தால் ஒற்றைக் கருவிக்கே பத்துக் கிலோமீற்றர்தான். சோளத்துக்கு 60 சென்ரிமீற்றர் விட்டால் ஏழுக்கும் குறைவு. கையால் தள்ளும் கருவியைச் சிறு காணிக்கும் விதைநெல் வயலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பெரிய வட்டைக்கு அதைப் பரிந்துரைப்பது கமக்காரனுடைய உடம்பை மதியாத பேச்சு.

கருவி வரிசைக்கு நடுவேதான் போகும், வரிசைக்குள்ளேயே பயிரோடு ஒட்டி முளைத்த களையை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. நெல்லில் அதற்கு முழுமையான விடை இல்லை. நெருக்கமாக வளரும் வரிசை தன் காலடியை விரைவில் மூடிக்கொள்ளும். மிஞ்சியதைக் கையால்தான் எடுக்க வேண்டும். சோயாவிலும் சோளத்திலும் பயிர் சாணளவு வளர்ந்ததும் மண்ணைப் பயிரடிக்கு அணைத்துவிட்டால் சிறு களை புதைந்துபோகும். ஐரோப்பாவில் வரிசைக்குள் நுழைந்து கிளறும் இறப்பர் விரல்கள் பூட்டிய கருவிகளும், பயிரைக் கமெராவால் பார்த்துத் தானே திரும்பும் கருவிகளும் வந்துவிட்டன. அவை இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வயலின் பெரும்பரப்பை இயந்திரம் பார்த்துக்கொண்டால், வரிசைக்குள் மிஞ்சிய ஒடுங்கிய கோட்டைக் கையால் பார்ப்பது முழு வயலையும் கையால் பார்ப்பதைவிட வெகு இலகு. நூற்றுக்கு நூறு களை அழிய வேண்டும் என்பது எண்ணெய்ப் போத்தல்களின் விளம்பரம் நமக்குக் கற்பித்த அளவுகோல். பயிர் முளைத்த முதல் முப்பது நாற்பது நாட்கள் களையின் நெருக்கடி இல்லாமல் கடந்தால், பின்னால் வரும் களையால் விளைச்சலுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் அதை விதை கொட்ட விடக்கூடாது.

இனி வாவியின் இரு கரைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே திட்டம் இரண்டுக்கும் பொருந்தாது. எழுவான்கரையின் மணல் நிலத்தில் கச்சான் பழைய பயிர். மணலில் மழை விட்ட மறுநாளே கருவி இறங்கலாம். சக்கரக் கொத்து போன்ற எளிய கருவியே போதும். அங்கே கவனிக்க வேண்டியது காலம் ஒன்றுதான்: பூத்து விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிய பின் வரிசைக்கு நடுவே கொத்தக்கூடாது, அதற்குள் முடித்துவிட வேண்டும். இயந்திரக் களையெடுப்பை நாளைக்கே தொடங்கக்கூடிய இடம் எழுவான்கரை. படுவான்கரை வேறு உலகம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் கீழ் நீர்ப்பாசன வயல்கள் ஒருபுறம்; மழையை மட்டும் நம்பிய பரந்த மானாவாரி வயல்கள் மறுபுறம்; செங்கலடி, கரடியனாறு பக்கங்களில் சோளம் செய்யும் மேட்டுக்காணிகள் இன்னொருபுறம். சோளக் காணியில் ஊன்றுபவர்கள் ஏற்கெனவே ஓரளவு வரிசை பார்த்து ஊன்றுகிறார்கள். அந்த வரிசையை இன்னும் நேராக்கி, இருசில்லு உழவு இயந்திரத்தின் அகலத்துக்குப் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது.

மானாவாரிப் புழுதி விதைப்புத்தான் எல்லாவற்றிலும் கடினம் என்று பலர் சொல்வார்கள். ஒரு வகையில் உண்மை. ஒக்டோபரில் காய்ந்த மண்ணில் வீசி, மழைக்குக் காத்திருந்து, மழை விழுந்ததும் நெல்லும் களையும் ஒரே நாளில் எழும். களையை முன்னதாக முளைக்கவிட்டு அழிப்பதற்கு அங்கே நீர் இல்லை. ஆனால் நாற்று நடாமல் வரிசைக்கு வருவதற்கு மிக எளிய வழியும் அங்கேதான் இருக்கிறது. காய்ந்த மண்ணில் நாலு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் வரிசை விதைப்புக் கருவியைப் பூட்டி ஓட்டலாம். சேற்றில் அது முடியாது. கட்டி உடைந்து மண் பொடியாக வேண்டும், வரம்புக்கு வரம்பு திரும்ப இடம் வேண்டும் என்ற சிரமங்கள் உண்டு. பண்ணை இயந்திரங்களை வடிவமைத்துச் சோதிக்க மகா இலுப்பள்ளமவில் ஓர் ஆராய்ச்சி நிலையமும், பாடத்தைக் கற்பிக்க வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இருக்கின்றன. படுவான்கரையின் களிமண்ணில் ஒக்டோபர் மாதத்தில் எந்தக் கருவி ஓடும், எந்தக் கருவி அடைபடும் என்பதை இங்கேயே ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி அவர்களிடம் உரிமையோடு கேட்க வேண்டும்.

சோயாவுக்கு இங்கே என்ன இடம்? இலங்கையில் அது பெரும்பாலும் அனுராதபுரத்திலும் மகாவலி வலயங்களிலும் விளைகிறது. வாங்குபவர்கள் உணவு பதனிடும் நிறுவனங்கள். வாங்க ஆள் உறுதியாகாமல் சோயா விதைக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பயறு, கௌபி, உழுந்து எதுவானாலும் வாதம் ஒன்றே. நீர் வடியும் மேல்வயலில் சிறுபோகத்துக்கு நெல்லை விட்டு ஒரு பருப்புப் பயிரை வரிசையில் செய்தால் குளத்து நீர் மிஞ்சும், மண்ணுக்கு நைதரசன் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணில் கிடக்கும் பன்றி நெல் விதை முளைத்து எழும்போது அதைச் சுற்றிலும் நெல்லே இருக்காது. அகன்ற இலைப் பயிருக்கு நடுவே நிற்கும் ஒவ்வொரு நெல்லும் களை. மறைந்துகொள்ள அதற்கு இடம் இல்லை. இரண்டு தடவை கொத்தினால் அந்தத் தலைமுறை விதை கொட்டாமல் போகும். எந்த எண்ணெயாலும் முடியாததை ஒரு போகத்துப் பயிர்மாற்றமும் ஒரு கொத்துக் கருவியும் தொடங்கிவைக்கும்.

களை பிடுங்கிக் கூலி பெறும் பெண்களின் பிழைப்பை இயந்திரம் பறிக்காதா என்று கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூலியின் பெரும்பகுதியை எண்ணெய் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது, மருந்து தோற்ற வயலில் கதிர் வரும் காலத்தில் முதுகு வளைந்து செய்யும் வேலை. களைக்கருவி வந்ததும் அது ஆண்களின் சொத்தாகிவிடும் ஆபத்து உண்டு. பல நாடுகளில் அப்படித்தான் நடந்தது. அதனால் கருவியை வாங்கும் பணமும் ஓட்டும் பயிற்சியும் கிராமத்துப் பெண்கள் சங்கங்களின் பெயரில் போக வேண்டும். ஏக்கர்க் கணக்கில் களையெடுப்பை ஒப்பந்தம் எடுக்கும் ஒரு குழுவுக்கு நாட்கூலியைவிட மேலான வருமானம் கிடைக்க வாய்ப்புண்டு.

எண்ணெய் முழுவதையும் உடனே நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. தடை என்பதே பயனற்றது என்று 2021ஐ வைத்துச் சொல்பவர்களோடும் நான் சேரவில்லை. 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாட் களைநாசினி படிப்படியாக நிறுத்தப்பட்டது. நஞ்சருந்தி இறப்பவர்களின் தொகை நாட்டில் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. விளைச்சல் அதனால் விழவில்லை. கமக்காரன் கையில் வேறு வழி இருந்தபோது அந்த நஞ்சை எடுத்தார்கள், அதனால் தாங்கியது. 2015இல் கிளைபோசேட்டைத் தடுத்து, பின் தளர்த்தி, 2022இல் மீண்டும் திறந்துவிட்டதையும் பார்த்தோம். படுவான்கரை வயல்களின் வடிநீர் கடைசியில் வந்து சேர்வது இந்த வாவியில்தான். வயலில் எதை ஊற்றுகிறோம் என்பது வாவியில் வலை போடுபவருடைய கேள்வியும்கூட. அதனால்தான் எண்ணெய் குறைய வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன், மாற்று வழியைக் கையில் கொடுத்த பிறகே குறைய வேண்டும் என்றும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

அந்த மாற்று வழி இன்று பணம் கேட்கும் இடத்தில் நிற்கிறது. 1962 முதல் அரசு பசளைக்கு மானியம் தந்துவருகிறது. வரிசையில் விதைப்பதற்கு அதைப் போன்ற தொடர்ச்சியான ஆதரவு இல்லை. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் வாடகைக்கு ஒரு வரிசை விதைப்புக் கருவியும், அதன் வரிசை அகலத்துக்குப் பொருந்தும் எஞ்சின் களைக்கருவிகளும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருப்பது மிக முக்கியம். 20 சென்ரிமீற்றரில் விதைத்துவிட்டு 25 சென்ரிமீற்றர் கருவியோடு நிற்பதில் பயனில்லை. களையெடுக்க ஏற்ற நாட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் என்பதால் விதைப்புக் கருவி ஒன்றுக்குக் களைக்கருவி பல வேண்டும். தொடங்க வேண்டியது பெரும்போகத்தில் அல்ல, நீர் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறுபோகத்தில். அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கப்படும்போது, கமக்காரர் அமைப்புகள் இன்னும் மூன்று தீர்மானங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குளத்தின் கீழும் வாய்க்காலுக்கு அண்மையான ஒரு வட்டையை வரிசை விதைப்புக்கு ஒதுக்குவது முதலாவது. அறுவடை முடிந்த ஈரத்திலேயே அதை ஒருமுறை உழுது களை முளைக்கவிடுவது இரண்டாவது. இதற்குக் குளத்து நீர் செலவாகாது. முளைத்த களையைச் சேறடித்துப் புதைத்த பின்னரே விதைப்பது மூன்றாவது. வட்டவிதானைமார் அந்த வட்டைக்கு நீர் விடும் நாட்களைக் களையெடுக்கும் நாட்களோடு பொருத்தித் தர வேண்டும். விதைத்துப் பதினைந்தாம் நாளுக்கும் இருபத்தைந்தாம் நாளுக்கும் இடையில் வயலில் இரண்டு விரல் நீர் நிற்காவிட்டால் கருவி சேற்றில் ஓடாது.